நயினாரம்மா திறந்த கூண்டு

கூண்டைத் திறந்தது நேமிசந்திர நயினாரின் மனைவி சக்ரேஸ்வரி. திறக்க வைத்தது என் வாய். ஊரில் இதை வேறு மாதிரி சொல்கிறவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

கண்ணமங்கலம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்த புதிது அது. உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்த வேணுகோபால் நாயுடு, பட்டணத்தில் பார்த்த மிருகத் தோட்டம் போலவே ஆரணியிலும் ஒன்று இருக்கட்டும் என்று ஆற்றங்கரை மாந்தோப்பில் கூண்டுகள் கட்டியிருந்தார். இரண்டு புள்ளிமான், ஒரு முள்ளம்பன்றி, பல் போன ஒரு கரடி. கரடி செத்துப்போனதும் அதன் கூண்டு காலியாகக் கிடக்க மனம் பொறுக்காமல் கோழிகளைக் கொண்டுவந்தார். தலையில் குடுமி வைத்த கிராப்புக் கோழி, கழுத்தில் இறகே இல்லாத கோழி, எலும்பு வரை கறுப்பு என்று பெயரெடுத்த கருங்கோழி, சண்டைச் சேவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை, அறைக்கு ஒரு பலகை. பலகையில் ஜாதியின் பெயர்.

சந்தைக்கு வந்த ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்க வூட்டுக் கூரை மேல நிக்கறதைப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டு முள்ளம்பன்றி பக்கம் போய்விட்டார்கள். நாயுடுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெங்களூரில் ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார், அவர் வளர்த்த கோழிகளை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, உடனே சொல்லி அனுப்பினார். கண்ணமங்கலம் ஸ்டேஷனில் அவற்றை வாங்கி வண்டியில் ஏற்றி வரும் பொறுப்பு எனக்கு.

நான் பவுல்துரை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து, பாதிரியார் நீண்ட ஜெபத்தின் நடுவே தும்மியபோது சிரித்ததற்காக வெளியே வந்தவன். நாயுடு கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கோழிகள் என் வேடிக்கைப் பேச்சை வீட்டில் போய்ச் சொல்வதில்லை என்பதைத் தவிர.

வண்டி ஊர் எல்லைத் தோப்புக்கு வந்தபோது மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். அங்கே கூரை போட்ட இன்னொரு மாட்டு வண்டி நின்றது. திருமலைச் சமணக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய நயினார் வீட்டம்மா நிழலில் உட்கார்ந்திருந்தார். நேமிசந்திர நயினார் ஊரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அந்த அம்மாவை நான் தெருவில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவரே எழுந்து வந்து மூங்கில் கூண்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"இதுங்க எந்த ஊர்க் கோழி? காலெல்லாம் எறகு இருக்குதே."

"சீமைக் கோழிங்கம்மா. டிக்கெட் வாங்கிகினு ரயில்ல வந்தவங்க."

"எங்க போகுதுங்க?"

நாயுடு தோட்டத்துக்கு என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஞாயித்துக்கெழமை நாயுடு வூட்ல பெரிய விருந்துங்க. இவங்களை அதுக்குத்தான் அழைச்சிகினு போறேன். ஆனா பாவம், இவங்க சாப்பிடப் போறவங்க இல்லே."

வண்டிக்காரன் சிரித்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் ஏராளம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது நாலு கூண்டும் திறந்து கிடந்தன. நயினாரம்மா கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை உடம்பும் கழுத்தில் கறுப்புக் கோடுகளும் விரல் வரை இறகுமாக, பைஜாமா போட்ட நவாப் மாதிரி இருந்த பிரம்மா சேவல் இறங்கி நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் பஞ்சுப் பொதி போன்ற கொச்சின் பெட்டை ஒரு புதரடியில் மண்ணைக் கிளறியது. உடம்பெல்லாம் கறுப்பு, முகம் மட்டும் வெள்ளை வெளேர் என்றிருக்கும் ஸ்பானிஷ் பெட்டை வண்டிச் சக்கரத்தின் மேல் நின்றது. ஐந்து விரல் டார்க்கிங் பெட்டை மட்டும் திறந்த கூண்டுக்குள்ளேயே தூங்கியது.

அப்போது ஒரு பிடி கேழ்வரகைத் தூவியிருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். நான் கத்தினேன். நான் கத்தியதைப் பார்த்து வண்டிக்காரன் கத்தினான். அவன் கத்தியதைக் கேட்டு மாடுகள் மிரண்டன. மூன்று கோழியும் மூன்று திசையில் ஓடிப்போயின.

"அறுக்கறதுக்குன்னுதானே சொன்னீங்க?" என்றார் நயினாரம்மா. அவர்கள் வீட்டில் அது வழக்கம். கத்திக்குப் போகிற உயிர் கண்ணில் பட்டால் மீட்டு விட்டுவிடுவார்கள்.

"இல்லீங்கம்மா. தோட்டத்துல வெச்சி ஜனங்களுக்குக் காட்டறதுக்கு. வேளாவேளைக்குத் தீனி, தண்ணி எல்லாம் உண்டு."

"அப்போ விருந்துன்னது?"

"விளையாட்டுக்குச் சொன்னேங்க."

"விளையாட்டுக்கு," என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் விடிந்ததும் நேமிசந்திர நயினார் நாயுடு தோட்டத்துக்கு வந்தார். எதிலும் குரல் உயர்த்தாத மனுஷர். மண்டியில் மூட்டை சரிந்து காலில் விழுந்தால்கூட மூட்டையிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் ஊரில் சொல்லிவைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்து வெட்கமாகப் போயிற்று.

"வாத்தியாரே, வூட்ல சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. கொதிக்க வெச்ச தண்ணி மட்டும், அதுவும் பொழுது சாயறதுக்குள்ள."

"எதுக்குங்க?"

"பிறத்தியார் பொருளைக் கேக்காம எடுத்தது ஒண்ணு. வாழத் தெரியாத ஜீவனை நரிக்கும் நாய்க்கும் நடுவுல விட்டது ஒண்ணு. மூணும் கூண்டுக்குத் திரும்பற வரைக்கும் சோறு வாணாம்னு சாமி முன்னால சொல்லிட்டாங்க."

"நான் வந்து பேசட்டுங்களா? தப்பு என்னுதுன்னு."

"அது அவங்களுக்குத் தெரியும். உங்க தப்புக்கு நீங்க பட்டினி கெடங்க, என் தப்புக்கு நான்னு சொல்றாங்க." சற்று நின்று, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையான அக்கறையோடு. அப்போதுதான் நான் மூன்று கிண்ணம் கூழ் குடித்து முடித்திருந்தேன்.

தேடப் புறப்பட்டேன். நெசவுத் தெருவில் வெயில் ஏறுவதற்கு முன்பே பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு இழைகள் இழுத்துக் கட்டப்பட்டு, இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் நின்று அறுந்ததை முடிந்தும், கஞ்சி தொட்டு நீவியும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் நாய்கூட அந்தத் தெருவில் குறுக்கே போகாது. பிரம்மா சேவல் போயிருக்கிறது. பொன்னியம்மாள் அதை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு என்னை எதிர்பார்த்து நின்றாள்.

"யார் வூட்டு மாப்பிள்ளை வாத்தியாரே இது? காலெல்லாம் மசுரு வளத்துகினு பாவுக்குள்ள பூந்துட்டான்."

"நாயுடு தோட்டத்துதும்மா. பேரு பிரம்மா."

"நம்மளப் படைச்சவரா? அதான் நாம இந்த லட்சணத்துல கீறோம்."

சேவலின் காலைப் பார்த்தேன். இறகெல்லாம் ஒட்டக் கத்தரித்திருந்தது. பைஜாமா போய், குச்சிக் கால் இரண்டு வெளியே தெரிந்தது.

"இன்னாம்மா இது?"

"இழை சுத்திகிச்சி. ஒண்ணு இழையை வெட்டணும், இல்லாட்டி மசுரை வெட்டணும். இழை எங்களுது."

நயினாரம்மா பட்டினியைச் சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"உங்க வாயில நெசம்னு வந்தாலே எங்களுக்கு வயிறு வலிக்குது," என்றாள் பொன்னியம்மாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். "அடப்பாவி மவனே, நெசம்தான் போலக்குது. இத்தினி நாளா நீ கட்டின கதையில எவன் இதை நம்புவான்? நீ போ. தெருவுக்கு நான் சொல்றேன்."

ஒரு சேலையின் நிறத்தைப் பற்றி நெசவுத் தெருவில் காலையில் பேசினால் மத்தியானம் தேவிகாபுரத்தில் அதைப் பற்றிச் சண்டை நடக்கும். கோழிச் செய்தியும் அப்படித்தான் பரவியது. கொச்சின் பெட்டை குயவர் வீட்டு வைக்கோல் போரில் அகப்பட்டது. எல்லைத் தோப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வசதியாகக் கிடைத்த முதல் இடம் அதுதான். அதற்கு மேல் உலகம் இருப்பதாக அது ஒத்துக்கொள்ளவில்லை.

பிடித்ததை உடனே நயினார் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே நின்று காட்டினேன். சக்ரேஸ்வரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சேவலின் காலைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"வலிச்சிருக்குமா?"

"முடி வெட்னா வலிக்காதுங்க. கௌரவம்தான் போச்சி." அவர் உதட்டோரம் அசைந்த மாதிரி இருந்தது. அதை நம்பி, "பசிக்குதுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னொண்ணு எங்க?"

"தேடிகினு கீறாங்க. பசிக்குதுங்களா?"

"வெயில்ல நிக்காதீங்க, பாவம், அதுங்களுக்கு மூச்சு வாங்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தினம் போனேன். தினம் அதையே கேட்டேன். ஒருநாள் "தண்ணி குடிச்சேனே" என்றார். இன்னொரு நாள் "ஸ்பானிஷ்னா எந்தப் பக்கத்து ஊர்?" என்றார். வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களுக்குச் சொன்ன பதிலெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும்போல. எதிரில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு பேஜார் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு அவர் எழுந்து வாசலுக்கு வருவது நின்றுவிட்டது. நேமிசந்திர நயினார் ஒரு மத்தியானம் என்னை மண்டிக்குக் கூப்பிட்டார். மூட்டைகளுக்குப் பின்னால் சந்தையில் வாங்கிய ஒரு கறுப்புப் பெட்டையைக் கட்டி வைத்திருந்தார். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு.

"வாத்தியாரே, எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லே. உங்களுக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"வழக்கம் உண்டுங்க. தயங்காம சொல்லுங்க."

"மூஞ்சில கொஞ்சம் வெள்ளை இருந்தா அந்தக் கோழி மாதிரியே இருக்கும். தூரத்துல காட்டினா போதும். அவங்களுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியறதில்லே. உங்க வேதத்துல பொய்க்கு மன்னிப்பு இருக்குதில்லே?"

"இருக்குதுங்க. அதை நம்பித்தான் இத்தினி நாளா ஓட்டறேன்."

அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் விரலைச் சுண்ணாம்பில் தோய்த்தேன். கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது பட்டிருக்கிறது. விரலை எடுத்தேன், திரும்ப வைத்தேன், எடுத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் நயினார் திரும்பாமலே.

"இல்லீங்க. கண்ணு எரியும்."

"ஆமா," என்றார் உடனே, ஏதோ அதைத்தான் கேட்கக் காத்திருந்தவர் போல. "எரியும். வாணாம்." வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்பு என் விரலில்தான் இருந்தது. அவருக்கு ஏன் கண் கலங்கியது என்று நான் கேட்கவில்லை.

அப்படியே நின்றுகொண்டிருந்தபோதுதான் பொன்னியம்மாள் தலையில் நூல் கூடையோடு மண்டி வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, வெள்ளைமூஞ்சி அய்யாக்கண்ணு கிட்ட கீதாம். கேட்டா தரமாட்டேன்றானாம். நீ போய் சிரிப்பு கிரிப்பு காட்டாம கேளு."

அய்யாக்கண்ணு சண்டைச் சேவல் வளர்க்கிறவன். அவன் வீட்டு முற்றத்தில் காலில் கயிறு கட்டிய சேவல்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் முளையடித்து நின்றன. நடுவில் ஸ்பானிஷ் பெட்டை கல்யாணப் பெண் மாதிரி திரிந்தது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஒரு கோழிக்கு ஒரு அம்மா சோறு துண்ணாம கீறாங்களா? நல்லா கட்றீங்க வாத்தியாரே. போன தபா கரடி செத்ததுக்கு மான் ரெண்டும் தாலியறுத்துச்சின்னு சொன்னீங்களே, அதவிட இது ஷோக்கா கீது."

"சத்தியமா, அய்யாக்கண்ணு."

"அந்த சத்தியத்தையும் சேத்துதான் சொல்றேன். இது திருடின கோழி இல்லே, தானா வந்த கோழி. என் வல்லூறுச் சேவலோட சேத்து குஞ்சு எடுக்கப் போறேன். எட்ட நின்னு அடிக்கிற சாதி பொறக்கும். நீங்க ஜல்தியா கௌம்புங்க."

எத்தனை கெஞ்சியும் அவன் சிரிப்பு நிற்கவில்லை. திரும்பி நயினார் வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். உள்ளேயிருந்து சக்ரேஸ்வரியின் குரல் கேட்டது.

"வண்டியைக் கட்டச் சொல்லுங்க. நானே போய் கேக்கறேன்."

நயினாரும் நானும் கூடப் போனோம். ரத்தம் தெறித்த அந்த முற்றத்தில் சக்ரேஸ்வரி வண்டியை விட்டு இறங்கியபோது அய்யாக்கண்ணு எழுந்து நின்றான். சிரிப்பு போய்விட்டது. அவர் முகத்தில் எலும்பு தெரிந்தது.

"உக்காருங்கம்மா," என்று ஒரு சாக்கை உதறிப் போட்டான்.

அவர் உட்காரவில்லை. "அந்தக் கோழியைத் திறந்து விட்டது நான். என்னுது இல்லே. எடுத்த எடத்துல வெக்கணும். குடுங்க."

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. அங்க கூண்டு. இங்க பாருங்க, கயிறுகூட கட்லே, சுத்திகினு கீது. ஜீவன் மேல இரக்கம்னா இங்கியே வுட்றதுதானே?"

அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சக்ரேஸ்வரி காலில் கத்தித் தழும்பு ஏறியிருந்த ஒரு சேவலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இரக்கம்னு நெனச்சித்தான் திறந்தேன். அதனாலதான் இவ்ளோ தூரம் வந்து நிக்கறேன். எது நல்லதுன்னு எனக்குத் தெரியலே. யாருதுன்னு மட்டும் தெரியும்."

அய்யாக்கண்ணு தலையைச் சொறிந்தான். "சரி, எடுத்துகினு போங்க. ஆனா இது குஞ்சு பொரிச்சா ஒரே ஒரு சேவக்குஞ்சு எனக்கு வாங்கித் தரேன்னு சொல்லுங்க. நாயுடு கிட்ட நீங்க சொன்னா குடுப்பாரு."

"சண்டைக்கு விடறதுக்கா?"

"பின்ன, பூஜைக்கா?"

"அப்போ சொல்ல மாட்டேன்."

நேமிசந்திர நயினார் கண்ணை மூடிக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொல்லிவிட்டுப் பிறகு மறந்துபோனால் யார் கேட்கப் போகிறார்கள்? நானாக இருந்தால் ஒரு சேவல் என்ன, கரடிக் குட்டியே தருவதாகச் சொல்லியிருப்பேன்.

அய்யாக்கண்ணு அவரையே பார்த்தான். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லி வாங்கிகினு போயிருக்கலாமேம்மா."

"செய்யப் போறதில்லையே."

அவன் கோழியைப் பிடித்தான். இரண்டு கையாலும் தாங்கி என்னிடம் நீட்டினான். "தூக்கிகினு போங்க வாத்தியாரே. இவங்ககிட்ட பேரம் பேச நமக்குத் தெரியாது. இருங்க, நானும் வரேன். அப்பிடி இன்னா தோட்டம்னு பாக்கணும்."

எல்லோருமாக நாயுடு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நாயுடு கோட்டு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். முதல்முறையாகத் தன் கோழிகளைப் பார்க்க ஒரு பெரிய வீட்டம்மா வந்திருக்கிறார் என்ற சந்தோஷம் அவருக்கு. ஒவ்வொரு பலகையாக வாசித்துக் காட்டினார். கிராப்புக் கோழியின் குடுமியைப் பற்றிப் பேசினார். டார்க்கிங்கை எழுப்பி அதன் ஐந்தாவது விரலைக் காட்டச் சொன்னார். அது எழுந்திருக்கவில்லை.

சக்ரேஸ்வரி நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்பானிஷ் பெட்டையை அதன் அறைக்குள் அவரே விட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"நாயுடு, இதுங்களை அறுப்பீங்களா?"

"சே சே, இதுங்களையாம்மா? இதெல்லாம் பார்வைக்கு. வூட்ல சமைக்கறது சந்தையில வாங்கறது," என்று பெருமையாகச் சொன்னார் நாயுடு. பிறகு எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, எங்கேயோ தப்பாகிவிட்டது என்று புரிந்து இருமினார்.

"பகல்ல கொஞ்சம் வெளிய விடலாமா?"

"நாயி, கீரி எல்லாம் வருமேம்மா."

"காவலுக்கு யாராவது இருந்தா?"

நாயுடு என்னைப் பார்த்தார். அய்யாக்கண்ணும் என்னைப் பார்த்தான். நேமிசந்திர நயினாரும் பார்த்தார். படித்த வாத்தியாரான நான் மறுநாளிலிருந்து கையில் குச்சியோடு கோழி மேய்க்கப் போகிறேன் என்பது அங்கேயே முடிவாயிற்று. ஜனங்கள் கோழிகளைப் பார்க்க வராவிட்டாலும் இதைப் பார்க்க வருவார்கள் என்று நாயுடுவுக்குச் சொன்னேன். அவர் அதை யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஒத்திகை பார்க்கலாம் என்று பிரம்மாவின் கதவைத் திறந்தேன். அது வெளியே வந்தது. முதல் அடி வைக்கக் காலைத் தூக்கியது, மொட்டைக் காலைக் குனிந்து பார்த்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிய நிலையிலேயே நின்றது. அய்யாக்கண்ணு சிரித்தான். ஒரு நொடி கழித்து சக்ரேஸ்வரியும் சிரித்துவிட்டார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. சிரிப்பில் உடம்பு தள்ளாடி, மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். நேமிசந்திர நயினார் ஓடிப்போய்த் தாங்கினார்.

வெயில் மரக் கிளைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீடு அது; வெயில் மறைந்துவிட்டால் இன்னொரு ராத்திரியும் அவருக்குப் பட்டினிதான். எனக்கு வாயில் வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. கையில் இருந்த கேழ்வரகுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அம்மா, மூணும் வந்துடுச்சி. கூண்டையும் நீங்களே சாத்திட்டீங்க. நான் தினம் கேட்டதையே கேக்கறேன். பசிக்குதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பசிக்குது வாத்தியாரே," என்றார்.